நிற்கும் வாளும் நகரும் மரமும்

டெல்லியில் குடியேறிய தென்னாட்டார் முருங்கைக்காய்க்கும் வாழைப்பூவுக்கும் ஐ.என்.ஏ. மார்க்கெட்டைத் தேடிச் செல்வது நெடுங்காலத்து வழக்கம். லட்சுமிபாய் நகர்த் தமிழ்ப் பள்ளிக்குப் பிள்ளைகளை அனுப்பிய குடும்பங்கள் பலவற்றுக்கு அது நடந்து செல்லும் தூரம். இப்பொழுது மெட்ரோ ரயிலும் அருகிலேயே வந்து நிற்கிறது. காய்கறிக் கடைகளைக் கடந்து மீன் கடைகளின் பக்கம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் சென்றபோது, தரையில் நிமிர்த்தி வைத்த வளைந்த கத்தியின் முன் ஒருவர் அமர்ந்து, பெரிய ரோகு மீன் ஒன்றை இரு கைகளாலும் பற்றி, அக்கத்தியின்மேல் செலுத்தி அறுத்துக்கொண்டிருந்தார். வங்காளிகளின் சமையலறையிலும் மீன் சந்தையிலும் பழகிய கருவி அது. நம் வீட்டு அரிவாள்மணைக்கு உடன்பிறப்பு எனலாம்.

என் அருகில் நின்றவர் நாகர்கோவில் பக்கத்துத் தச்சர். தலைநகரின் மரச்சாமான் பட்டறைகளில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் உழைத்தவர். மார்க்கெட்டில் அவ்வப்போது சந்தித்துப் பழகியவர். அவருடைய வலக்கையில் ஆள்காட்டி விரல் இல்லை. அவர் மீன் அறுப்பவரைச் சுட்டிக்காட்டி, "பாத்தீங்களா சார், கத்தி நிக்குது, மீன் போவுது. எங்க மெஷின் வாளும் இதே மாதிரிதான்" என்றார்.

மேசைவாளின் வரலாறு முழுவதும் இந்த ஒரு வாசகத்தில் அடங்கியிருப்பதாக எனக்குத் தோன்றிற்று. கைவாளைப் பிடிப்பவனுக்கு மரம் அசையாமல் நிற்கும்; வாள் நகரும். அறுக்கும் கை வாளின் பிடியில், பற்களுக்குப் பின்னால் இருக்கும். மேசைவாளிலோ வாள் தன் இடத்தில் நின்று சுழலும், மரம் நகரும், மரத்தைத் தள்ளும் கை பற்களை நோக்கியே செல்லும். தலைமுறை தலைமுறையாகத் தச்சனின் கை கற்றிருந்த பழக்கம் இந்த இடத்தில் தலைகீழாயிற்று.

மரத்தையும் சங்கையும் வாளால் அறுக்கும் கலை தமிழருக்கு மிகப் பழையது. ஈர்தல் என்றால் வாளால் அறுத்தல். ஈர்வாள் என்றால் மரம் அறுக்கும் வாள். அகநானூற்றின் 24-ஆம் பாட்டு, வாளரத்தால் சங்கை அறுத்து வளை செய்த தொழிலைக் குறிப்பிடுகிறது. நம் ஊர்களில் மின்சாரமும் எஞ்சினும் வருமுன், பெரிய அடிமரத்தைச் சாரத்தின்மேல் ஏற்றி, சாயம் தோய்த்த நூலைச் சுண்டி நேர்கோடு இட்டு, மேலே ஒருவரும் கீழே ஒருவருமாக நின்று நீண்ட வாளை இழுத்துப் பலகை எடுப்பர். கீழே நிற்பவர் தலையில் மரத்தூள் மழையாகப் பொழியும். வேலை மெதுவானது, முதுகு ஒடிவது. ஆயினும் ஆபத்து நேருமுன் கையை நிறுத்திக்கொள்ள அவகாசம் இருந்தது. வாளை ஓட்டியது மனிதனின் தோள் வலிமையே ஆதலால், தோள் நின்றால் வாளும் நின்றது. நம் நாட்டுக் கைவாள்கள் பலவற்றில் இழுக்கும்போது அறுக்குமாறு பல் வெட்டியிருப்பார்கள். தள்ளும்போது அறுக்கும் ஐரோப்பிய வாளைக் கண்ட நம் முதியோர் சிலருக்கு அது பிடிபடாமல் போனதும் உண்டு. பல்லின் திசை மாறினாலே கை தடுமாறுமென்றால், வாளும் மரமும் தங்கள் வேலையையே மாற்றிக்கொண்ட கருவி எத்தகைய தடுமாற்றத்தைத் தந்திருக்கும்!

வட்ட வடிவான வாளுக்கு இங்கிலாந்தில் 1777-ஆம் ஆண்டிலேயே சவுத்தாம்ப்டனைச் சேர்ந்த சாமுவேல் மில்லர் என்பவர் உரிமைப் பதிவு பெற்றார். அமெரிக்காவில் ஷேக்கர் சமயக் குழுவைச் சேர்ந்த டபிதா பாபிட் என்னும் பெண்மணி, இருவர் இழுக்கும் வாளில் பாதி இழுப்பு வீணாவதைக் கண்டு, 1813-இல் வட்டவாளைப் படைத்தார் என்று ஒரு கதை வழங்குகிறது. கேட்க இனிய கதைதான். ஆனால் 36 ஆண்டு மூத்த பதிவு ஒன்று இருக்கும்போது முதன்மைப் பட்டத்தை அவருக்கு வழங்குவது எப்படி?

வட்டவாளை வளர்த்தது பாய்மரக் கப்பல். கப்பலின் பாய்களை ஏற்றவும் இறக்கவும் மரத்தாலான கப்பிகள் வேண்டும். பெரிய போர்க்கப்பல் ஒன்றுக்கு ஏறத்தாழ ஆயிரம் கப்பிகள் தேவைப்பட்டன. சவுத்தாம்ப்டனில் வால்டர் டெய்லர் நீர்விசையால் சுழலும் வட்டவாள்களைக் கொண்டு பிரிட்டிஷ் கடற்படைக்கு இவற்றைச் செய்து கொடுத்தார். பின்னர் போர்ட்ஸ்மவுத் கப்பல் தளத்தில் சாமுவேல் பெந்தாமின் மேற்பார்வையில், மார்க் இசம்பார்ட் புரூனல் வரைந்த இயந்திரங்களை ஹென்றி மாட்ஸ்லி செய்து கொடுக்க, கப்பித் தொழிற்சாலை ஒன்று எழுந்தது. 1808-ஆம் ஆண்டில் அது 1,30,000 கப்பிகளைச் செய்து தள்ளியது. கைத்தேர்ச்சி பெற்ற 110 பேர் செய்து வந்த வேலையைப் பயிற்சியற்ற 10 பேர் செய்து முடித்தனர் என்பர்.

'பயிற்சியற்ற 10 பேர்' என்பதைப் பொருளியல் நூல்கள் பெருமையாகச் சொல்லும். எனக்கு அது கவலை தரும் சொல்லாகவே படுகிறது. மரத்தின் நார் எந்தப் பக்கம் ஓடுகிறது, எந்தப் பலகை உள்ளே முறுக்கம் கொண்டது, எது அறுபடும்போது வாயை மூடிக்கொள்ளும் என்பதெல்லாம் தேர்ந்த தச்சனின் கை அறிந்தவை. அந்த அறிவு தேவையில்லை என்று இயந்திரம் வாக்களித்தது. தேவை நீங்கவில்லை, அது அறிந்தவர்தாம் இயந்திரத்தின் அருகில் இல்லாமற் போயினர்.

பெந்தாம் 1793-இல் பெற்ற உரிமைப் பதிவிலேயே இன்றைய மேசைவாளின் உருவம் பெரும்பாலும் அமைந்துவிட்டது. நடுவில் பிளவுள்ள மேசை, அதன் வழியே எழும் வாள், மரம் நேராகச் செல்ல ஒரு வழிச்சட்டம், சாய்வாக அறுக்க வேறொரு வழிகாட்டி ஆகியவை அதில் உள்ளன. அறுப்பதற்கு வேண்டிய உறுப்புகள் முதலில் வந்தன. அறுப்பவனைக் காக்கும் உறுப்புகள் வந்து சேர நெடுங்காலம் ஆயிற்று.

நம்மவர் இவ்வகை வாளைப் பெருந்தொகையாகக் கண்ட இடங்களுள் பர்மா முக்கியமானது. ரங்கூனிலும் மோல்மீனிலும் நீராவி விசையால் இயங்கிய மர ஆலைகள் இருந்தன; தேக்கு மரங்களை யானைகள் தூக்கி வந்து அடுக்கும் காட்சி உலகப் புகழ் பெற்றது. 1863-இல் தோன்றிய பம்பாய் பர்மா வர்த்தக நிறுவனத்துக்கும் பர்மிய அரசுக்கும் தேக்குக் காடு பற்றி எழுந்த வழக்கே 1885-ஆம் ஆண்டுப் போருக்கு உடனடிக் காரணமாயிற்று. செட்டிநாட்டு வீடுகளின் தூண்களிலும் உத்திரங்களிலும் இன்றும் நிற்பது பர்மாத் தேக்கு. ஜப்பானியர் படையெடுத்த 1942-இல் ஆயிரக்கணக்கான தமிழர் பர்மாவிலிருந்து கால்நடையாகத் திரும்பினர். அங்கேயே தங்கியவரும் மலேயாவில் இருந்தவருமாகப் பலர் அடுத்த ஆண்டு நேதாஜியின் இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்தனர். நாம் முருங்கைக்காய் வாங்கும் மார்க்கெட்டின் மூன்று ஆங்கில எழுத்துகளும் அந்தப் படையைக் குறிப்பவை என்பதைக் கடைக்குச் செல்லும் நம் பிள்ளைகளுக்கு ஒருமுறை சொல்லி வைக்கலாம்.

மீண்டும் வாளுக்கு வருவோம். பிரிட்டனில் 1922-ஆம் ஆண்டில் மரவேலை இயந்திரங்களுக்கென்று தனி விதிகள் வந்தன. வாளின் மேற்பகுதிக்கு மூடி, மேசைக்கு அடியில் உள்ள பகுதிக்கு மறைப்பு, வாளின் பின்புறத்தில் ஒரு தகடு, கையருகே ஒரு தள்ளுகட்டை ஆகிய நான்கும் கட்டாயமாயின. நம் நாட்டில் 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் கீழ் மாநிலங்கள் வகுத்த விதிகளிலும் இவை இடம் பெற்றன. ஆனால் அச்சட்டம் மின்விசையைப் பயன்படுத்தும் இடங்களில் பத்துப் பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடத்தையே தொழிற்சாலை என்று கொண்டது. 2020-இல் இயற்றப்பட்ட தொழில் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு அந்த எண்ணிக்கையை இருபதாக உயர்த்தியது. ஒரு மோட்டார், ஒரு மேசை, நாலைந்து ஆட்கள் என்ற அளவில் நடக்கும் பட்டறை இந்த எல்லைக்குள் வருவதே இல்லை. டெல்லியானாலும் சென்னையானாலும் கட்டிலும் நாற்காலியும் செய்யும் பட்டறைகளுள் எத்தனையோ இவ்வளவில்தான் இருக்கின்றன.

அந்தத் தகடும் கட்டையும் என்ன செய்கின்றன என்பதைச் சற்று விளக்க வேண்டும். வட்டவாள் சுழலும்போது, தொழிலாளியின் பக்கமுள்ள பற்கள் மேலிருந்து கீழாக இறங்கி மரத்தை மேசைமீது அழுத்தும். ஆகவே அந்தப் பக்கத்தில் மரம் அடங்கிக் கிடக்கும். வாளின் பின்பக்கப் பற்களோ கீழிருந்து மேலே எழுகின்றன. அறுபட்ட மரம் வாளைக் கடந்தபின் பின்பக்கப் பற்களில் சிக்கினால் அவை அதனைத் தூக்கி, வாளின் தலைக்கு மேலாகத் தொழிலாளியை நோக்கி எறிந்துவிடும். பத்து அங்குல விட்டமுள்ள வாள் நிமிடத்துக்கு 3,000 முறை சுழன்றால், அதன் பற்கள் மணிக்கு ஏறத்தாழ 144 கிலோமீட்டர் வேகத்தில் செல்கின்றன என்று கணக்கிடலாம். நம்மை ஊருக்கு அழைத்துச் செல்லும் தமிழ்நாடு எக்ஸ்பிரஸும் அவ்வளவு வேகத்தில் ஓடுவதில்லை. எறியப்படும் மரம் வயிற்றிலோ மார்பிலோ தாக்கும். அதைவிடக் கொடுமை, மரம் திடீரென்று பறிபோகும் கணத்தில் அதைத் தள்ளிக்கொண்டிருந்த கை வாளின்மேல் விழுந்துவிடும். நாகர்கோவில் தச்சர் இதனைத் 'திருப்பி அடிக்கிறது' என்றார். இதற்கு இதனினும் நல்ல தமிழ் எனக்குக் கிடைக்கவில்லை.

மரம் பின்பற்களில் ஏன் சிக்குகிறது? பச்சை மரத்திலும், முறுக்கோடு வளர்ந்த மரத்திலும் உள்ளே ஓர் இறுக்கம் இருக்கும். நெடுக்கே பிளந்தவுடன் அது விடுபட, இரு பாதிகளும் ஒன்றையொன்று நெருங்கி வாளைக் கவ்விக்கொள்ளும். இதைத் தடுக்கத்தான் வாளின் பின்னால், வாள் சென்ற தடத்திலேயே நிற்கும் அந்தத் தகடு. வாளின் உடலைவிடச் சற்றுத் தடித்தும், அது அறுத்த தடத்தைவிடச் சற்று மெலிந்தும் இருப்பதால், பிளவை மூடவிடாமல் பிடித்துக்கொள்ளும். இதனைப் பிளவுத் தகடு என்று சொல்லலாம். தோற்றத்தில் அற்பமான இரும்புத் துண்டு. பட்டறைகளில் முதலில் கழற்றி எறியப்படுவதும் இதுவே.

அறுப்பு வகைகளிலும் இரண்டைப் பிரித்து அறிதல் வேண்டும். மரத்தின் நார் ஓடும் திசையிலேயே அறுப்பது ஒன்று. இதற்கு 'ஈர்தல்' என்ற பழைய வினை மிகப் பொருந்தும். நாரைக் குறுக்கே வெட்டுவது மற்றொன்று, இது குறுக்கறுப்பு. மரத்தை ஒரு வைக்கோற் கட்டாக எண்ணிக்கொள்ளுங்கள். நெடுக்கே பிரிப்பதற்கு உளி போன்ற பல் வேண்டும். குறுக்கே அறுப்பதற்குக் கத்தி போன்ற பல் வேண்டும்.

ஈரும்போது மரத்தின் நேரான ஓரம், வாளுக்கு இணையாக நிற்கும் வழிச்சட்டத்தில் ஒட்டியே செல்ல வேண்டும். ஓரம் கோணலாக இருந்தால் முதலில் இழைப்புளியால் நேராக்கிக்கொள்ள வேண்டும். கோணல் ஓரம் நடுவழியில் ஆடும், ஆடினால் பின்பற்களில் சிக்கும். குறுக்கே அறுக்கும்போது வழிச்சட்டத்தை நம்பக் கூடாது; மேசையிலுள்ள காடியில் வழுக்கிச் செல்லும் குறுக்குச் சட்டத்தில் மரத்தைச் சேர்த்துப் பிடித்துத் தள்ள வேண்டும். இவ்விரண்டையும் ஒரே சமயத்தில் பயன்படுத்துவதுதான் பலர் செய்யும் பிழை. ஒரே நீளத்தில் பல துண்டுகள் வேண்டும் என்று, குறுக்குச் சட்டத்தால் தள்ளிக்கொண்டே மரத்தின் முனையை வழிச்சட்டத்தில் முட்டக் கொடுப்பார்கள். அறுபட்டு விழும் துண்டு வாளுக்கும் சட்டத்துக்கும் இடையே அகப்பட்டு, குறுக்காகத் திரும்பி, அம்பு போலப் புறப்படும். அளவு வேண்டுமானால், வாளுக்கு வெகு முன்னதாகவே ஒரு கட்டையைச் சட்டத்தில் இறுக்கி அதில் முனையை வைத்து அளந்துகொண்டால் போதும்; வாளை அடையும்போது முனை எதையும் தொடாது. எதன் துணையும் இன்றி வெறுங்கையால் மரத்தை வாளுக்குள் செலுத்துவது எந்த வகை அறுப்புக்கும் ஆகாது.

வாளை மரத்துக்கு மேல் ஒரு பல் அளவுக்குமேல் உயர்த்தி வைப்பானேன்? தெரியும் பல் குறைந்தால் கை படும் இடமும் குறையும். நிற்பதும் வாளுக்கு நேராக அன்றி ஒரு பக்கமாக ஒதுங்கி நிற்க வேண்டும். தொளதொளத்த சட்டைக்கை, தோளில் துண்டு, கையுறை ஆகியவை சுழலும் வாளின் அருகில் பகைகளே. துணியைப் பற்றினால் வாள் கையையும் இழுத்துவிடும். விசையை நிறுத்திய பின்னும் வாள் சிறிது நேரம் ஓசையின்றிச் சுழலும். அந்நேரத்தில் சிம்பைப் பொறுக்கக் கை நீட்டியவர்கள் கதையும் உண்டு.

நாகர்கோவில் தச்சருக்கு நேர்ந்தது மிகச் சாதாரணமான வேலையின்போது. சன்னல் சட்டத்துக்காக ஓர் அங்குல அகலத்தில் தேக்கு ரீப்பர் ஈர்ந்துகொண்டிருந்தார். மூடி கண்ணை மறைக்கிறது என்று முன்பே கழற்றியாயிற்று. தகடு அந்த இயந்திரம் வாங்கிய நாளிலிருந்தே இல்லை. கடைசி ஒரு சாணைக் கையாலேயே தள்ளினார். "மேஸ்திரி ஏதோ கத்தினாரு சார். அந்தச் சத்தத்துல என்னன்னு புரியல. புரிஞ்சிருந்தாலும் அது இந்தி. எனக்கு அப்போ ஊர்லேருந்து வந்து ஆறு மாசம்." அவர் தந்தையிடம் கைவாள் பிடிக்கக் கற்றவர். உளி, வாய்ச்சி, மூலைமட்டம், காடி என்று ஒவ்வொன்றுக்கும் தந்தை சொன்ன பெயரும், பெயரோடு சேர்ந்த எச்சரிக்கையும் அவருக்கு உண்டு. இயந்திரத்தைப் பற்றி அவருக்குத் தாய்மொழியில் எவரும் ஒரு சொல் சொன்னதில்லை.

ஓர் அங்குல அகலமுள்ள மரத்தைத் தள்ளுவதற்குத் தள்ளுகட்டை ஒன்றே வழி. முழ நீளக் கட்டையின் நுனியில் மரத்தைக் கவ்வும்படி ஒரு வெட்டு. அவ்வளவுதான் அதன் அமைப்பு. பட்டறையில் எரிக்கக் கிடக்கும் துண்டில் கால் மணி நேரத்தில் செய்துவிடலாம். வாளில் பட்டால் அறுபடுவது கட்டை. ஒன்று போனால் இன்னொன்று செய்துகொள்ளலாம்.

பணம் படைத்த நாடுகள் இந்த விபத்தை வென்றுவிட்டன என்று எண்ண வேண்டாம். அமெரிக்காவில் மேசைவாளால் ஆண்டுதோறும் சுமார் 30,000 பேர் காயமடைவதாகவும், அவற்றுள் சுமார் 4,000 உறுப்பிழப்பில் முடிவதாகவும் அந்நாட்டு நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் மதிப்பிட்டது. அங்கே ஸ்டீவ் காஸ் என்பவர் 1999-இல் ஓர் உபாயம் கண்டார். வாளில் மெல்லிய மின்குறி ஒன்று ஓடிக்கொண்டிருக்கும். உயிருள்ள தசை தொட்டவுடன் அக்குறி மாறும். மாறிய கணமே ஓர் அலுமினியக் கட்டை பற்களில் பாய்ந்து, ஒரு நொடியின் இருநூற்றில் ஒரு பங்குக்குள் வாளை நிறுத்திவிடும். 2004-இல் இவ்வகை இயந்திரம் விற்பனைக்கு வந்தது. அரிய கருவிதான். ஆனால் ஒவ்வொரு முறை அது இயங்கிய பின்னும் அக்கட்டையையும் பெரும்பாலும் வாளையும் மாற்ற வேண்டும். அதன் விலையும் நம் சிறு பட்டறைகளுக்கு எட்டாதது. பின்பக்கப் பற்கள் மரத்தைத் திருப்பி அடிப்பதை அதுவும் தடுப்பதில்லை. அதற்கு அங்கும் அந்தப் பழைய தகடே வேண்டும்.

அடுத்த முறை மார்க்கெட்டில் சந்தித்தபோது, மேசைவாளின் உறுப்புகளுக்கு நான் எழுதி வைத்திருந்த தமிழ்ப் பெயர்களை அத்தச்சரிடம் காட்டினேன். ஊரிலிருந்து புதிதாக வரும் இரண்டு பையன்களுக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டும் என்று அவர் கேட்டிருந்தார். பிளவுத் தகடு, தள்ளுகட்டை, குறுக்குச் சட்டம் ஆகியவற்றுக்குத் தலையசைத்தார். வழிச்சட்டத்தில் வந்து நின்றுவிட்டார்.

"சார், குறுக்குச் சட்டம்னு ஒண்ணு இருக்கு. இதுவும் சட்டம்னா, அந்தச் சத்தத்துல பையனுக்கு எதுன்னு குழம்பும். இதை வேலின்னு போடுங்க."

"அண்ணாச்சி, இங்கிலீஷ்காரனும் அப்படித்தான் சொல்கிறான்" என்றேன்.

"அப்ப சரி" என்று காகிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, இடக்கையில் பையுடன் மீன் கடைப் பக்கம் நடந்தார்.